எந்தக் கூட்டல் குறி புதைபடிவத்தினுடையது?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பெரம்பலூர் பக்கம் காரையில் எடுத்துவந்த களிமண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தே ஸ்லைடு போட்டேன். மாணவர் நுண்ணோக்கியில் இரண்டு போலராய்டு தாள்களை (ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடுபவை) குறுக்கே பொருத்தி 400 மடங்கில் பார்த்தால் பளிச்சென்று ஏராளமான புள்ளிகள். ஒவ்வொன்றிலும் கறுப்புக் கூட்டல் குறி. காக்கோலித் (கடல் நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தட்டு) இனங்களை எப்படிப் பிரிப்பது? நட்சத்திரம் போலவும் ஒன்று தெரிந்தது. டிஸ்கோஆஸ்டர் என்ற நட்சத்திர வடிவ நுண்புதைபடிவமா?”

காரைவரை போய் வந்தது நல்ல வேலை. உங்கள் ஊர் லால்பாக் பாறையை எவ்வளவு சுரண்டினாலும் இது கிடைக்காது. அது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் என்ற உருமாறிய பாறை.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்தச் சாப்பாட்டு மேசைதான். அரிசி மாவுத் துகளும் குறுக்குப் போலராய்டில் இதே கூட்டல் குறியைத்தான் காட்டும். அளவும் சில மைக்ரான்தான், காக்கோலித் போலவே. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அரிசி மாவை எண்ணி நோட்டில் குறித்தவன்தான். கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, ஒரு துளி அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமானால் அது சமையலறைச் சரக்கு. இனி ஒவ்வொரு மாதிரிக்கும் புதுப் பல்குச்சி, துடைத்த மேசை.

சரி, புள்ளிகள் நிறம் மாறவில்லை என்றால்? 400 மடங்கு போதாது. எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸைப் போட்டு 1000 மடங்குக்குப் போங்கள். அதற்குக் கீழே இனம் சொல்வது ஜோசியம்.

அடுத்து, அந்தக் கறுப்புக் குறி பெரும்பாலும் காக்கோலித்தின் உறுப்பே அல்ல. தட்டில் கால்சைட் படிகங்கள் மையத்திலிருந்து ஆரம் போலச் சுற்றிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. போலராய்டின் திசையோடு ஒத்துப்போகும் படிகங்கள் இருண்டுவிடுவதால் குறி விழுகிறது. உங்கள் நுண்ணோக்கியில் மேடை சுழலாது. ஸ்லைடைத் திருப்பினால் பார்த்த பொருள் ஓடிவிடும். அதனால் ஸ்லைடை விட்டுவிட்டு, இரண்டு போலராய்டுகளையும் ஒரே அளவு சேர்த்துத் திருப்புங்கள். கூடவே திரும்பும் குறி ஒளியின் வேலை. இடம் மாறாமல், மங்கியும் பளிச்சிட்டும் நிற்கும் குறுக்குச் சட்டங்கள் புதைபடிவத்தினுடையவை. அந்தச் சட்டங்கள் நீள்வட்டத்தின் நடுவில் மூலைவாட்டில் இருந்தால் ஐஃபெலித்தஸ் என்ற காக்கோலித் பேரினத்தைச் சந்தேகிக்கலாம் (ஈஃபிள் கோபுரத்தை வைத்து வந்த பெயர்).

அப்புறம் நடுப்பகுதியைப் பாருங்கள். முழுதும் ஒளிரும் நீள்வட்டம், காற்றாடிபோல் வளைந்த கறுப்புக் கைகள், நடுவில் துளையே இல்லை என்றால் வாட்ஸ்னௌவேரியா பார்னேசியே. எளிதில் கரையாத இனம் என்பதால் சிதைந்த மாதிரியிலும் இதுதான் மிஞ்சும். நடுவில் குறுகலான திறப்பு இருந்தால் அதே பேரினத்தின் ஃபோஸாசிங்டா, இரண்டு துளை இருந்தால் பைபோர்ட்டா. ஃபோகஸ் திருகை மிக மெல்ல மேலும் கீழும் ஆட்டினால்தான் துளையா, வெறும் பள்ளமா என்று தெரியும். ஒரே ஃபோகஸில் எடுத்த மொபைல் படத்தை வைத்து என்னிடம் பெயர் கேட்காதீர்கள்.

ஒரு போலராய்டை எடுத்துவிட்டுச் சாதாரண ஒளியிலும் அதே தட்டைப் பாருங்கள். சில இனங்களில் வெளித்தட்டின் படிகங்கள் செங்குத்தாக நிற்கும். குறுக்கு ஒளியில் (இரண்டு போலராய்டும் குறுக்கே இருக்கும்போது) அந்த விளிம்பு இருண்டு, தட்டு உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும். அளவைச் சாதாரண ஒளியில் எடுங்கள்.

நட்சத்திரம் டிஸ்கோஆஸ்டர் அல்ல. காரைக் களிமண்ணின் வயது சுமார் 10 கோடி ஆண்டு. டிஸ்கோஆஸ்டர் வந்ததே டைனோசர்கள் போன பிறகு. அதோடு டிஸ்கோஆஸ்டர் படுத்திருந்தால் குறுக்கு ஒளியில் பெரும்பாலும் இருண்டே கிடக்கும், பளிச்சிடாது. காரையில் ஜிப்சம் ஏராளம். படிகக் கொத்து ஒன்று சிக்கியிருக்கலாம்.

கடைசியாக, மண்ணைக் காய்ச்சி வடித்த நீரில் நாள்கணக்கில் ஊறப்போடாதீர்கள். அந்த நீர் லேசாக அமிலமாகிவிடும், மெல்லிய தட்டுகள் கரைந்துபோகும். ஒரு துளி அமோனியா சேருங்கள். மேல்மண்ணில் சுண்ணாம்பு கரைந்துபோயிருக்கும் என்பதால், அடுத்த முறை கொஞ்சம் ஆழத்திலிருந்து எடுங்கள்.