காரைக்குடியில் கடை வைத்திருக்கும் கிறிஸ்தவன், வியாபாரத்தில் சின்னப் பொய்கூடச் சொல்லக் கூடாதா?

கூடாது என்றுதான் சொல்வேன். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 நேராகக் கடை வாசலுக்கே வந்து பேசுகிறது. ஞாயிறு ஆராதனையில் சத்தமாகப் பாடிவிட்டு, திங்கட்கிழமை நேற்று செய்த பித்தளைச் சாமானைச் செட்டியார் வீட்டுப் பழைய சாமான் என்று விற்றால் அது இரட்டை வாழ்க்கைதான்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் போட்டு அழுத்தி, அப்புறம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஊறவேண்டிய நாளைக் குறைத்தாலும் வாங்குகிறவர் கண்ணுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது, கல்லும் பளபளவென்றுதான் இருக்கும். யாரும் பார்க்காத அந்த இடத்தில்தான் ஒருவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்று தெரியவரும்.

சரி, ஏற்கெனவே ஏமாற்றியாகிவிட்டது என்றால்? லூக்கா 19-இல் வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். தானாக ஒத்துக்கொள்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பது மோசேயின் சட்டம் (லேவியராகமம் 6). அவரோ நாலு மடங்கு தருகிறேன் என்கிறார், அதுவும் பாதிச் சொத்தை ஏழைகளுக்கு என்று சொன்ன கையோடு! ஜெபத்தில் மன்னிப்புக் கேட்பதோடு விஷயம் முடிவதில்லை, அந்த வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வியாபாரம் படுத்துவிடுமே என்ற பயம் நியாயமானதுதான், சில நாள் படுக்கவும் செய்யலாம். அதற்காகக் குறையை மறைக்காதீர்கள். சொல்லிவிட்டு விலையைக் குறைத்து விற்கலாம்.