ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கும்போது ஓட்டோ கியர் பொக்ஸ் சூடாகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவரின் நிலைமை இது: ஓட்டோ கியர் டீசல் டபுள் கெப், பின்னால் இரண்டு தொன்னுக்குக் கிட்டிய ட்ரெய்லர். கொழும்பு-காலி வீதியில் ஓடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கொழும்பு ஒழுங்கைகளுக்குள் பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் கியர் ஒயில் சூட்டு விளக்கு எரிகிறது.

நான் ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். இதே விளக்கைக் கவனிக்காமல் விட்டு ஒரு கியர் பொக்ஸை இழந்தவன். அந்த நட்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பலரும் நினைப்பதுபோல கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றம்தான் கியர் பொக்ஸைச் சாகடிக்கிறது என்றில்லை. ஏற்றத்திலாவது வண்டி ஓடுகிறது, காற்று கிடைக்கிறது. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் பத்து நிமிடம் முன்னும் பின்னும் எடுப்பது அதைவிட மோசம். காரணம், ஒயிலைச் சூடாக்குவது பாரமல்ல, வழுக்கல்.

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்ப்பது டோர்க் கன்வேர்ட்டர். ஒயில் நிறைந்த ஒரு சட்டிக்குள் இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை எஞ்சின் சுற்றும். அது தள்ளுகிற ஒயில் மற்றதைச் சுற்றும். இரண்டின் வேக வித்தியாசம்தான் வழுக்கல். கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றினால் சூடு கொஞ்சம்தான். நல்ல வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் லொக்-அப் கிளச் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ரிவர்ஸில் பெரும்பாலான கியர் பொக்ஸ்களில் அந்தப் பூட்டு விழுவதில்லை. அக்ஸிலரேட்டரை மிதித்தும் வண்டி அசையாமல் நின்றால், எஞ்சின் கொடுப்பது அத்தனையும் ஒயிலுக்குள் சூடாகத்தான் இறங்கும். 20 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், வீட்டில் உடுப்புத் தேய்க்கிற 1,000 வாட்ஸ் அயன் பெட்டிகள் இருபதை ஒரு வாளி ஒயிலுக்குள் போட்ட மாதிரி. எட்டுப் பத்து லீற்றர் ஒயிலுக்குக் கணக்குப் பார்த்தால், இரும்பு இழுத்துக்கொள்ளும் சூட்டைத் தவிர்த்து, விநாடிக்கு ஒரு பாகை அளவில் ஏறும்.

அதே நேரத்தில் குளிர வைக்கும் வழிகளும் அடைபட்டுப் போகின்றன. வண்டி பின்னுக்குப் போவதால் கியர் ஒயிலை ஆறவைக்கும் கூலருக்கு முன்பக்கக் காற்று இல்லை. ஒயிலைச் சுற்ற வைக்கும் பம்ப் எஞ்சினோடுதான் சுழல்கிறது, ஆகவே ஐட்லிங்கில் ஓட்டமும் குறைவு. ஏ.சி. போட்டிருந்தால் அதன் கண்டென்சரும் முன்னால் இருந்து சூட்டைக் கக்கும். வெளியே கொழும்பு வெயில் 32 பாகை.

இனி என் கதை. 2022 மார்ச்சில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போன காலம். தொடர்மாடி வீடுகள், கல்யாண மண்டபங்கள், குளிர் அறை வைத்திருக்கும் கடைகள் எல்லாம் ஜெனரேட்டர் கேட்டன. ஒரு நாளைக்கு நான்கைந்து இடம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் திருப்ப இடமே இருக்காது. போவது நேராக, வருவது பின்னாக. விளக்கு எரியும், ஐந்து நிமிடம் எஞ்சினை நிறுத்துவோம், அணைந்துவிடும், திரும்பத் தொடங்குவோம். மூன்றாவது வாரம் ரிவர்ஸ் போட்டால் வண்டி யோசித்து யோசித்துத்தான் எடுத்தது.

பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த நானா ஒருவர் இருக்கிறார். கியர் பொக்ஸ் வேலையில் கை தேர்ந்தவர். ட்ரெய்லரையும் கொழுவிக்கொண்டே வரச் சொன்னார். அவருடைய ஒழுங்கைக்குள் நாற்பது அடி பின்னுக்கு எடுக்க வைத்தார். வண்டி முனகிக்கொண்டு வந்தது. நான் பொனட்டைத் திறக்கப் போனேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே ட்ரெய்லர் சில்லுக்குப் பக்கத்தில் குந்தி, பிரேக் ட்ரம்மில் கையை வைத்து உடனே எடுத்தார்.

“தம்பி, கியர் பொக்ஸப் பார்க்க முந்தி இதத் தொட்டுப் பாருங்க.”

சுட்டது. இரண்டு பக்கமும்.

எங்கள் ட்ரெய்லரில் இருப்பது ஓவர்-ரன் பிரேக். இழுக்கும் வண்டி பிரேக் போட்டதும் ட்ரெய்லர் முன்னுக்கு வந்து கொக்கியை அழுத்தும், அந்த அழுத்தத்தில் அதன் பிரேக் தானாகப் பிடிக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் வண்டி கொக்கியை அழுத்தத்தானே செய்கிறது? ட்ரெய்லருக்கு இரண்டும் ஒன்றுதான். பிடித்துவிடும். அதனால்தான் பழைய ட்ரெய்லர்களின் கொக்கியில் ரிவர்ஸுக்கென்று ஒரு பூட்டு நெம்பு இருக்கும்; புதியவற்றில் ட்ரம்முக்குள்ளேயே தானாக விடும் ஏற்பாடு உண்டு. எங்களுடையதில் அந்த நெம்பு பெயின்ட் அடித்து, துருப்பிடித்து, அசையாமல் இருந்தது. அது எதற்கென்று நான் யாரிடமும் கேட்டதே இல்லை. மூன்று வாரமாக பிரேக் பிடித்த இரண்டு தொன்னை கியர் பொக்ஸ் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

நானா டீசல் ஊற்றி, தட்டி, நெம்பை விடுவித்துப் பூட்டினார். அதே நாற்பது அடி, அக்ஸிலரேட்டரை மிதிக்காமலே வண்டி பின்னுக்கு ஊர்ந்து வந்தது. பிறகு கியர் ஒயிலை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். சிவப்பாக இருக்கவேண்டியது தேயிலைச் சாயம்போல இருந்தது, கருகிய மணம். உள்ளே கிளச் தட்டுகள் எரிந்துவிட்டன. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி அப்போதும் திறக்கப்படாமல் இருந்த நேரம். பாவித்த கியர் பொக்ஸ்கூட தங்க விலை.

ஆகவே உங்கள் ட்ரெய்லரில் முதலில் பார்க்க வேண்டியது அந்த நெம்புதான். இருந்தால் ரிவர்ஸுக்கு முன் பூட்டுங்கள். முன்னுக்கு எடுத்ததும் அது விடுபடுகிறதா என்றும் பாருங்கள். விடுபடாவிட்டால் வீதியில் ட்ரெய்லருக்கு பிரேக் இல்லை, அது கியர் பொக்ஸைவிடப் பெரிய ஆபத்து.

அடுத்தது ஓட்டும் விதம். ஒழுங்கை வாசலைத் தாண்டி முன்னுக்குப் போய், வண்டியையும் ட்ரெய்லரையும் நேர்க்கோட்டில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். பாதி திருத்தல் அங்கேயே மிச்சம். பின்னால் நிற்க ஒரு ஆள் கட்டாயம். ஏற்றமான வாசலில் அக்ஸிலரேட்டரை மிதித்துப் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். எங்கள் பையன்கள் எல்லோரும் செய்தது அதைத்தான். அப்போதுதான் அந்த இருபது அயன் பெட்டியும் எரிகிறது. நிற்கவேண்டுமானால் கால் பிரேக், ஹேண்ட் பிரேக். மூன்று தடவை முயன்றும் வராவிட்டால் விட்டுவிட்டு நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள்.

ஃபோர் வீல் வண்டியென்றால் லோ ரேஞ்ச், அதாவது கூடுதல் தாழ்ந்த கியர் வரிசை, பெரிய உதவி. சில்லுக்குப் போகும் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும், கன்வேர்ட்டர் வழுக்குவது நன்றாகக் குறையும். வண்டியை முழுதாக நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மாற்றவேண்டும். ஆனால் தேவைக்கு மட்டும் முன் சில்லுகளைச் சேர்க்கும் பார்ட்-டைம் ஃபோர் வீலில், காய்ந்த தார் வீதியில் அல்லது கொங்கிரீட்டில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு லோவில் எடுக்காதீர்கள். முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். கிரவல் முற்றம், மணல், ஈரப் புல் என்றால் பயமில்லை.

விளக்கு எரிந்தால் எஞ்சினை நிறுத்துவது நாங்கள் செய்த இரண்டாவது பிழை. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், கொதித்த ஒயில் கன்வேர்ட்டருக்குள்ளேயே தேங்கும். வண்டியை நிறுத்தி, கைநூலில் சொன்னபடி பார்க்கிங்கில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு விளக்கு அணையும்வரை காத்திருங்கள். ஆனால் அந்த விளக்கு எரிவதற்குள் ஒயில் ஏற்கெனவே அதிகம் சூடாகிவிட்டிருக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஓ.பி.டி. துளையில் செருகும் சின்ன புளூடூத் கருவி ஒன்று வாங்கி, ஃபோனில் கியர் ஒயில் சூட்டைப் பார்த்துப் பழகுங்கள். வழமையாக 80 முதல் 95 பாகை. 110ஐத் தாண்டினால் நான் வேலையை நிறுத்துவேன். 120க்கு மேல் தொடர்ந்து ஓடினால் ஒயில் கெட்டு உள்ளே பிசினாகப் படியும்.

தனி கூலர் போடுவது நல்லது, நானும் போட்டிருக்கிறேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் பிறகு, திரும்பி வரும் குழாயில் சேர்க்கவேண்டும். ரிவர்ஸுக்கு உதவ வேண்டுமானால் அதற்கென்று ஒரு மின்விசிறியும் வேண்டும். இல்லாவிட்டால் காற்றில்லாத இடத்தில் இன்னொரு கூலர் இருந்தும் பயன் குறைவு. பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் மலிவாகக் கிடைக்கும். மற்ற எதையும் அங்கே வாங்குவேன், கூலரை மட்டும் புதிதாகவே வாங்குவேன். பழைய கூலரின் மெல்லிய துளைகளுக்குள் எந்த வண்டியின் கிளச் தூள் இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது, முழுதாகக் கழுவவும் முடியாது.

ஒயில், “ஆயுளுக்கும் போதும்” என்று விற்கிறார்கள். ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு அதை நம்பவேண்டாம். நான் 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். புதிய வண்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் இல்லை. ஒயிலைக் குறித்த சூட்டுக்குக் கொண்டுவந்து, கீழே உள்ள பிளக்கைக் கழற்றித்தான் மட்டம் பார்க்கவேண்டும். அப்படிச் செய்யாமல் கண்மதிப்பில் ஊற்றும் கராஜுக்குப் போகாதீர்கள்.

ஒருகொடவத்தைப் பக்கம் கொண்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர் ஓட்டுபவர்களும் கேட்கிறார்கள். சாதாரண (மெனுவல்) கியரில் அங்கே எரிவது கிளச் தட்டு. அரைக் கிளச்சில் பிடித்துக்கொண்டு நிற்காமல், மிகத் தாழ்ந்த கியரில் காலை முழுதாக எடுத்துவிட்டு ஊரவிடுங்கள்.

கேட்ட நண்பருக்கு: அடுத்த வேலைக்குப் போகமுன் மட்டமான இடத்தில் ட்ரெய்லரோடு நாற்பது அடி பின்னுக்கு எடுத்துவிட்டு இறங்கி, இரண்டு ட்ரம்முக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், மெதுவாக, தொடுமுன் சூடு தெரியும். என்ன நிலைமை என்று கீழே எழுதுங்கள்.