பட்டிக்காடும் குக்கிராமமும்

கேள்வி: பட்டிக்காடு, குக்கிராமம், தண்ணியில்லாக் காடு ஆகிய மூன்றும் ஒரே பொருளைத் தருவனவா? எழுத்தில் எதைப் பயன்படுத்துவது முறை?

பதில்: மூன்றும் நகரத்திலிருந்து விலகிய ஊரையே குறித்தாலும், தொனியில் வேறுபடுகின்றன. பட்டி என்பது ஆடுமாடுகளை அடைக்கும் இடம். அதைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கும் அதுவே பெயராயிற்று. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் மதிப்புடன் வழங்குகிறது. காடு என்பதும் வனத்தை மட்டும் குறிப்பதன்று. புன்செய் நிலத்தில் களையெடுக்கச் செல்பவர் "காட்டுக்குப் போகிறேன்" என்றுதான் சொல்வார். இவ்வாறு உழைப்போடு பிணைந்த இரு சொற்களும் சேர்ந்து பட்டிக்காடு ஆனதும், "பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தது போல" என்று ஏளனத்துக்குப் பயன்படுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அவ்வூரைச் சேர்ந்தவரே தம் ஊரை அப்படிச் சொல்லும்போது அதில் உரிமை ஒலிக்கும். பிறர் சொன்னால் இழிவே தங்கும்.

தண்ணியில்லாக் காடு பேச்சு வழக்கு. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டும்போது, அங்கே வாழ்கிற மக்களே தண்டனையின் பகுதியாகிவிடுகிறார்கள். எழுத்தில் இதைத் தவிர்ப்பதே நன்று.

குக்கிராமத்தில் உள்ள 'கு' என்னும் வடமொழி முன்னொட்டு சிறுமையையும் இழிவையும் உணர்த்துவது. ஆயினும் இன்று அச்சொல் மிகச் சிறிய ஊர் என்ற பொருளிலேயே அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் இயல்பாக வழங்குவதால் அதைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. சிற்றூர் என்று எழுதினால் எந்த ஐயமும் எழாது. தொலைவையும் சுட்ட வேண்டுமானால் 'போக்குவரத்து வசதியற்ற சிற்றூர்' என்று விளக்கமாகவே எழுதலாம்.