மீட்டரில் ஏறாத வேலை

கேள்வி: வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில் மேஜ், அதாவது மந்திரவாதியாக ஆடுகிறேன். மண்டை ஓடு குறி போட்ட எதிரியைத்தான் எல்லோரும் அடிக்க வேண்டும் என்பது எங்கள் குழுவின் திட்டம். போன வாரம் ஸ்கார்லெட் மொனாஸ்டரி என்ற களத்தில் அதை விட்டுவிட்டு வேறொன்றை அடித்தேன் என்று திட்டினார்கள். யார் எவ்வளவு சேதம் செய்தார் என்று காட்டும் மீட்டரில் முதலிடம் நான்தான். என்னைப் போல டிபிஎஸ் (அடிக்கிற வேலை) ஆடுகிறவர் எப்போது திட்டத்தை மீறலாம்? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: மீட்டர் என்று எழுதிவிட்டீர்கள். முதலில் அதைப் பேசி முடித்துவிடுகிறேன்.

சென்னையில் 2013 ஆகஸ்ட்டில் ஆட்டோ கட்டணத்தைத் திருத்தினார்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதோடு காத்திருப்புக் கட்டணமும் உண்டு. மருந்துக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லி, ‘ரெண்டு நிமிஷம் இருங்கண்ணே’ என்று நீங்கள் இறங்கிப் போனால், வண்டி ஓடாவிட்டாலும் அவர் உங்களுக்காக நின்ற நேரத்துக்குக் காசு ஏறும். நிற்பதும் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட கருவி அது. உங்கள் திரையின் ஓரத்தில் ஓடுகிற சேத மீட்டருக்கு அந்த வசதி கிடையாது. டேங்க் எதிரிகளைத் தன் பக்கம் இழுக்கும்வரை நீங்கள் கையைக் கட்டி நின்ற மூன்று விநாடி அதில் பூஜ்யம். ஹீலர்மேல் பாய்ந்த எதிரியை மந்திரத்தால் ஆடாக மாற்றினாலும் பூஜ்யம்.

பெயரிலேயே கோளாறு இருக்கிறது. டேங்க் என்றால் தாங்குகிறவர், ஹீலர் என்றால் குணமாக்குகிறவர். உங்களுக்கு மட்டும் டிபிஎஸ், அதாவது விநாடிக்கு எவ்வளவு சேதம் என்ற கணக்கையே ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். ஆட்டோ அண்ணனைக் ‘கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு’ என்று யாராவது கூப்பிடுவோமா? கணக்கைப் பெயராகச் சுமக்கிற ஆள் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன். எழுதும்போதெல்லாம் ‘மீட்டர் பொய் சொல்லாது’ என்று கடிதம் வரும். பொய் சொல்லாதுதான். அதை நான் மறுத்ததே இல்லை. யார் யாரைக் காப்பாற்றினார் என்று அதற்குத் தெரியாது என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேள்வி. திட்டம் ஏன் இருக்கிறது என்று பார்த்தால், எப்போது மீறலாம் என்பது தானே விளங்கிவிடும். எந்த எதிரிக்கு யார்மேல் எவ்வளவு கோபம் என்று விளையாட்டு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பக்கத்தில் நின்று அடிக்கிறவரின் கணக்கு டேங்கின் கணக்கில் 110 சதவீதத்தைத் தாண்டினால் எதிரி அவர் பக்கம் திரும்பும். உங்களைப் போலத் தூரத்தில் நிற்கிறவருக்கு 130 சதவீதம். வாரியர் டேங்க் என்றால், சண்டை தொடங்கும்போது அவர் கையில் ரேஜ், அதாவது அடிகளுக்குச் செலவாகும் ஆவேசம், அதிகம் இருக்காது. அடி வாங்கி, அடி கொடுத்துத்தான் அது சேரும். அவருடைய அடிகளில் பெரும்பகுதி மண்டை ஓட்டுக்கே போகிறது. அதனால் அதன்மேல் அவருக்குப் பிடி அதிகம். மற்றவற்றின்மேல் குறைவு. நீங்கள் முந்திக்கொண்டு வேறொன்றைப் போட்டுப் பொசுக்கினால் அது உங்களைத் தேடி வரும். துணிக்கவசம் போட்ட மேஜ் எத்தனை அடி தாங்குவார்?

இன்னொரு பக்கமும் உண்டு. நான் பிரீஸ்ட், அதாவது ஹீலர், ஆடுகிறவன், இது என் கட்சி. ஹீல் செய்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் அரைப் புள்ளி கோபம், சண்டையில் இருக்கிற எல்லா எதிரிகளுக்கும் பங்காகப் போகிறது. டேங்க் இன்னும் தொடாத எதிரி எதுவோ, அது நேராக ஹீலரிடம் வரும்.

அதே மொனாஸ்டரியில் எனக்கு நடந்தது. நான்கு எதிரிகள். மூன்று பேர் டேங்கைச் சுற்றி நிற்க, நான்காவது வாளோடு என்மேல் வந்துவிட்டது. எதிரியின் கோபத்தைக் கொஞ்ச நேரம் குறைக்கும் ஃபேட் போட்டுப் பார்த்தேன், பத்து விநாடியில் அது தீர்ந்தது. ஹீல் போட ஆரம்பித்தால் மந்திரம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் மஞ்சள் கோடு ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் தள்ளிப் போகிறது. பாதி வரும், ஒரு வெட்டு, மறுபடி கால்வாசி. டேங்கின் உயிர் சிவப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவர் முதுகு என் பக்கம், அவருக்குத் தெரியாது. மற்ற டிபிஎஸ்களான ரோக்கும் ஹண்டரும் திட்டப்படி மண்டை ஓட்டை மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜ் ஒருவர் மட்டும் ஃப்ராஸ்ட்போல்ட் என்ற அடி மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார். ஒரு பாலிமார்ஃப். என் காலடியில் செம்மறியாடு நின்றது. கோடு முழுசாக ஓடி முடிந்தது, டேங்கின் உயிர் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்த மேஜ் மீட்டரில் மூன்றாவது. அந்தப் பையனை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் ஃப்ராஸ்ட் நோவா போடாததையும் கவனியுங்கள். என் பக்கத்திலேயே அதன் காலைக் கட்டியிருந்தால், நின்ற இடத்தில் நின்று என்னைத்தான் வெட்டியிருக்கும். ஹீலர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அடி விழுந்தால் எதிர்த்திசையில் ஓடாதீர்கள், டேங்க் இருக்கிற பக்கம் வாருங்கள். ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்க அவருக்கு நேரமில்லை.

இதுபோலத் திட்டம் ஏற்கனவே உடைந்துவிட்ட இடங்களில் தாராளமாக மீறுங்கள். உயிர் குறைந்ததும் ஒருவன் அடுத்த அறைக்கு ஓடி ஆட்களைக் கூட்டி வரப் பார்ப்பான், அவனை விடாதீர்கள். மொனாஸ்டரியின் பாஸ் (பெரிய எதிரி) வைட்மேன் ஹீல் போடத் தொடங்கினால், யாரை அடிக்கச் சொன்னார்கள் என்று யோசிக்காமல் அதைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல் போடுங்கள். டேங்க் விழுந்து, பாஸ் கடைசி இரண்டு சதவீதத்தில் நின்றால், அப்போது பொறுமை எதற்கு? கையில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள். ரோக் இருந்தால் அடிகளைத் தவிர்க்க உதவும் எவேஷன் போட்டு அந்தச் சில விநாடி டேங்காக நிற்கட்டும்.

டேங்க் மெதுவாகப் போகிறார், எனக்குப் போரடிக்கிறது என்பது காரணமே இல்லை. கூட்டமாக நின்றால் எண்ணிக்கை ஏறுமே என்று, சுற்றி நிற்கிற எல்லாவற்றையும் அடிக்கும் ஆர்க்கேன் எக்ஸ்ப்ளோஷன் போட்டு, இன்னொருவர் ஆடாக்கி வைத்ததை எழுப்பிவிடுகிற மேஜை நான் மன்னிக்கவே மாட்டேன். ஒரு சின்ன அடி பட்டாலும் ஆடு பழையபடி ஆளாகிவிடும். அதுவும் ஆடாக இருந்த நேரத்தில் உயிரெல்லாம் நிரம்பிய ஆளாக.

நீங்கள் மீட்டரில் எத்தனையாவது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘வேறொன்று’ அந்த நேரத்தில் யாரை அடித்துக்கொண்டிருந்தது என்று எழுதவில்லையே? ஹீலரை என்றால் இந்தப் பக்கத்தை அப்படியே உங்கள் குழுவுக்குக் காட்டுங்கள். யாரையுமே அடிக்காமல் ஆடாக நின்றுகொண்டிருந்தது என்றால், அந்த ஆட்டைப் போட்டவரிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள்.