பனையோலைக் கடையில் கிரிப்டோ நாணயத்தில் பணம் பெறலாமா?

கேள்வி: நல்லூருக்கு அருகே பனையோலைக் கைப்பணிக் கடை ஒன்றை நடத்துகிறேன். திருவிழாக் காலத்தில் வந்துபோன புலம்பெயர் உறவுகள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் குட்டான், நீத்துப்பெட்டி, கைப்பை என்று தொடர்ந்து கேட்கிறார்கள். ரொறன்ரோவில் உள்ள ஒருவர் பிட்கொயின் என்ற இணையவழிக் கிரிப்டோ நாணயத்தில் பணம் தருவதாகச் சொல்கிறார். வங்கிக் கட்டணம் மிச்சம், வாங்கியவர் பிறகு பணத்தைத் திருப்பி எடுக்கவும் முடியாது என்கிறான் என் மகன். ஏற்றுக்கொள்ளலாமா?
- வாசகி, நல்லூர்

பதில்: இன்றைய நிலையில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து, சகோதரி. ஆனால் உங்கள் மகன் சொன்னதில் ஒரு பாதி உண்மை. கடனட்டையில் பணம் செலுத்தியவர், பொருள் கைக்குக் கிடைத்த பின்னரும் தம் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்க வழியுண்டு. பிட்கொயின் பரிமாற்றமோ உறுதியான பின் எவராலும் திருப்ப முடியாதது. முகம் தெரியாதவருக்குப் பொதி அனுப்பும் சிறு கடைக்கு அது பாதுகாப்புத்தான். கட்டணம் மிச்சம் என்பதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 2021 ஏப்ரலில் நெரிசல் மிகுந்த நாட்களில் ஒரு பிட்கொயின் பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் 60 டொலர் அளவுக்கு உயர்ந்தது. இக்கட்டணம் அனுப்பும் தொகையைப் பொறுத்து அமைவதில்லை என்பதால், சிறிய தொகைக்கே அதன் சுமை அதிகம்.

நாணயம் உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்வது எளிது. அதற்குப் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது, ஏனெனில் ஓலை தருபவருக்கும் சாயம் விற்பவருக்கும் பெட்டி இழைக்கும் பெண்களுக்கும் நீங்கள் ரூபாயில்தான் கொடுக்க வேண்டும். இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை விடுத்த எச்சரிக்கைகளில், பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயத் திட்டங்களை நடத்த எந்த நிறுவனத்துக்கும் தான் அனுமதி வழங்கவில்லை என்று கூறியிருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021 இல் வந்த பணிப்புரையின்படி, கடனட்டையையோ பற்றட்டையையோ இந்த நாணயங்களுக்கான கொடுப்பனவுகளுக்குப் பயன்படுத்தவும் இயலாது.

ஆகவே நாணயத்தை ரூபாயாக்க மிஞ்சுவது, இணையத்தில் அறிமுகமாகும் யாரோ ஒருவர் உங்கள் நாணயத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாய் வைப்பிடும் வழி. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலை அறிந்த நம் ஊருக்கு இது புதுமையாகத் தோன்றாது. உண்டியலும் சட்டத்துக்குப் புறம்பானதே, என்றாலும் அதில் ஆளையாவது தெரிந்திருக்கும். இங்கே வைப்பிடப்படும் ரூபாய் வேறொருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்து, அவர் முறைப்பாடு செய்தால், முடக்கப்படுவது உங்கள் கணக்காகவே இருக்கக்கூடும். அந்தக் கணக்கிலிருந்துதான் நீங்கள் மாதச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்பதை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. மேலும், ஏற்றுமதிப் பொருளுக்கான பணத்தை வெளிநாட்டு நாணயமாக 180 நாட்களுக்குள் வங்கி ஊடாக நாட்டுக்குள் பெற வேண்டும் என்பது விதி. பிட்கொயினைக் காட்டி அந்தக் கடமையை நிறைவேற்ற முடியாது.

விலை ஏற்றத்தாழ்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் போனதைக் கண்ட நாம், ரூபாயை விட்டு வேறெதிலாவது சேமிக்க விரும்புவது நியாயமே. ஆனால் 2021 நவம்பரில் 69,000 டொலர் அளவில் இருந்த பிட்கொயின், அடுத்த நவம்பரில் 17,000 டொலருக்கும் கீழே இறங்கியது; ரூபாய் அவ்வளவு வீழ்ந்த பிறகும், ரூபாய்க் கணக்கில்கூட அதன் பெறுமதி பாதிக்கும் குறைவாகவே இருந்தது. ஒரு பெட்டியில் கிடைக்கும் சிறிய இலாபம் இத்தகைய சரிவைத் தாங்காது.

ரொறன்ரோ வாடிக்கையாளரிடம், உங்கள் கடையின் வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். அங்குள்ள இரண்டு மூன்று குடும்பங்களின் கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்தால் வங்கிக் கட்டணம் பகிரப்படும், பொதிச் செலவும் குறையும். கட்டளைகள் பெருகினால், வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும் இணையக் கொடுப்பனவு வசதியை உங்கள் வங்கியிடம் கேளுங்கள். அதற்குச் சில சதவீதம் போகும், அதை விலையிலேயே சேர்த்துவிடலாம். பணம் கணக்கில் விழுந்த பிறகே பொதியை அனுப்புங்கள்.

கேள்வி: நான் கையால் சவர்க்காரம் செய்து விற்பவன். டொலரோடு பெறுமதி பிணைக்கப்பட்ட ‘நிலை நாணயம்’ ஏறி இறங்காது என்கிறார்களே, விற்ற பொருளுக்குப் பணமாக அதையாவது ஏற்கலாமா?
- வாசகர், சுன்னாகம்

பதில்: விலை அச்சம் அதில் பெருமளவு குறைகிறது, முற்றிலும் நீங்கவில்லை. போதிய டொலர் இருப்பின்றி வேறொரு நாணயத்தின் பலத்தில் நின்ற டெரா யூ.எஸ்.டி என்ற நிலை நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களிலேயே சரிந்தது. டொலர் இருப்புள்ள யூ.எஸ்.டி.சி கூட, அந்த இருப்பின் ஒரு பகுதி முடங்கிப்போன அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியில் சிக்கியபோது, 2023 மார்ச்சில் 90 சதத்துக்கும் கீழே இறங்கிப் பின்னர் மீண்டது. ஆனால் நிலை நாணயத்தை ரூபாயாக மாற்றும் வழி, நல்லூர் வாசகிக்குச் சொன்ன அதே வழிதான். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனம் ஒன்று அதை வாங்கிக்கொண்டு, அன்றைய விலையில் ரூபாயும் வரிக் கணக்குக்குக் காட்டத்தக்க பற்றுச்சீட்டும் தரும் நிலை வந்தால், என் பதிலை மாற்றிக்கொள்வேன். அதுவரை இதை உங்கள் கடைக்குள் கொண்டுவர வேண்டாம்.