மறு: ரிப்போர்ட் ஓடினால் போஸ்ட்கிரெஸ் சர்வரே விழுகிறது

வணக்கம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் சர்வரில் 32 ஜிபி ரேம், வொர்க்_மெம் (குவெரி வேலைக்கான மெமரி அளவு) 256 எம்பி, 5 பேர் சேர்ந்து ரிப்போர்ட் எடுத்தால் மெமரி தீர்ந்து லினக்ஸ் கர்னல் போஸ்ட்கிரெஸைக் கொன்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 256 எம்பி ஒரு குவெரிக்கான உச்சவரம்பு இல்லை. அதில் வரும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஹேஷுக்கும் (டேபிள்களை இணைக்கவோ தொகுக்கவோ மெமரியில் கட்டும் பட்டியல்) தனித்தனியாக அவ்வளவு. 15ஆம் பதிப்பிலிருந்து ஹேஷுக்கு இருமடங்கு வேறு. நான்கு ஹேஷ், வேலையைப் பங்குபோட இரண்டு பேரலல் வொர்க்கர் (துணை ப்ராசஸ்) என்று வையுங்கள். முதன்மை ப்ராசஸையும் சேர்த்தால் மூன்று: 4 × 512 எம்பி × 3, ஒரே குவெரி 6 ஜிபி வரை போகும்! 5 பேர் என்றால் 30 ஜிபி.

ரிப்போர்ட்டுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் யூசர் கணக்கு) வையுங்கள். ஆல்டர் ரோல் கட்டளையில் அதற்கு மட்டும் வொர்க்_மெம் 32 எம்பி, மேக்ஸ்_பேரலல்_வொர்க்கர்ஸ்_பெர்_கேதர் 0 (பேரலல் வொர்க்கரே வேண்டாம்), கனெக்சன் லிமிட் 3 போதும். மெமரியைக் குறைத்தால் குவெரி டிஸ்கில் கொட்டத் தொடங்கும். அதனால் டெம்ப்_ஃபைல்_லிமிட் (தற்காலிக ஃபைல்களுக்கான உச்சவரம்பு) 10 ஜிபி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து டிஸ்க் நிரம்பும். இதைச் சாதாரண யூசர் மாற்ற முடியாது. குறித்த நேரத்துக்கு மேல் ஓடும் குவெரியை நிறுத்தும் ஸ்டேட்மென்ட்_டைம்அவுட் அப்படியல்ல, யார் வேண்டுமானாலும் தன் செஷனில் 0 ஆக்கிக்கொள்ளலாம். கைதவறி ஓடும் குவெரிக்குத்தான் அது காவல்.

இவை புதிய செஷன்களுக்கே பொருந்தும். பூலர் (கனெக்சன்களைத் திறந்தே வைத்துப் பகிரும் மென்பொருள்) பிடித்துவைத்திருக்கும் பழைய கனெக்சன்களை மூட மறக்காதீர்கள், பலரும் இங்கேதான் "வேலை செய்யவில்லை" என்கிறார்கள். பிறகு குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையை ஓட்டி, எந்த சார்ட் டிஸ்குக்குப் போகிறது என்று பாருங்கள்.