ஐங்கோணக் கல் ஏன் சேரவில்லை

சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் முன்வாசலில் ஐங்கோண சிமெண்டுக் கற்களைப் பதித்தால் நடுவில் இடுக்கு விழுகிறது, கல் வார்க்கும் அச்சு கோணலா என்று கேட்டிருந்தீர்கள் அண்ணே. அச்சு மேல் பழி போடாதீர்கள். பக்கமெல்லாம் சமமாக உள்ள ஒழுங்கான ஐங்கோணத்தில் ஒவ்வொரு உட்கோணமும் 108 பாகை, மூன்று கற்கள் ஒரு முனையில் சேர்ந்தால் 324தான் வரும், முழுச் சுற்றான 360-இல் மீதி 36 பாகை கூரான ஓட்டையாக நிற்கும், நாலாவது கல்லுக்கு அங்கே இடமே கிடையாது. அறுகோண அச்சுக்கு மாறிவிடுங்கள். 120 வீதம் மூன்று, சரியாக 360. இல்லை, எண்கோணம்தான் அழகு என்று கோயில் கமிட்டி அடம்பிடித்தால் (பிடிப்பார்கள்!) 135 பாகை இரண்டு, கூடவே ஒரு சதுரக் கல்லின் 90, சதுரத்தின் பக்கமும் எண்கோணத்தின் பக்கமும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அப்புறம், வார்த்துவிட்ட ஐங்கோணங்களைப் பூச்செடி ஓரமாகத் தனித்தனியாகப் போடலாம்.